1928 தேம்ஸ் பெருவெள்ளம்: பனியும் புயலும் பொறுப்பும்

ஆய்வுச்சுருக்கம்

1928 ஜனவரி 7 அதிகாலையில் தேம்ஸ் ஆறு கரைமீறி இலண்டன் நகருக்குள் புகுந்தது. 14 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். ஏறத்தாழ 4,000 பேர் இருப்பிடம் இழந்தனர். மேல்நிலத்தில் உருகிய பனியும் வடகடலில் எழுந்த புயலும் ஒரே இரவில் சந்தித்ததே இவ்வெள்ளத்தின் காரணம் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். நீர் எவ்வாறு உயர்ந்தது என்பதை இவ்விளக்கம் தெளிவுபடுத்துகிறது. மக்கள் ஏன் இறந்தனர் என்பதை அது தெளிவுபடுத்தவில்லை. 1947, 1953 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்களோடு ஒப்பிட்டும், ஆற்றின் வடிவ மாற்றம், நிர்வாகப் பிரிவினை, நிலவறைக் குடியிருப்பு ஆகியவற்றைக் கருத்தில் கொண்டும் இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை தனித்தனியே ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தேம்ஸ், இலண்டன், ஓதம், புயல் எழுச்சி, பனியுருகல், கரைச்சுவர், நிலவறைக் குடியிருப்பு.

முன்னுரை

ஆறு பெருகிக் கரைமீறுவதைத் தமிழ் வெள்ளம் என்கிறது. கடல்நீர் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறது. கடல் நிலத்தைக் கொள்வதைக் கடற்கோள் என்கிறது. நீர் எத்திசையிலிருந்து வருகிறது என்பதை இச்சொற்களே வேறுபடுத்திக் காட்டுகின்றன. கழிமுகத்தின் மீது அமைந்த நகரங்களுக்கு இவ்வேறுபாடு எப்போதும் பொருந்துவதில்லை. அங்கே ஆற்றுநீர் மேலிருந்து இறங்கும் வேளையில் கடல்நீர் கீழிருந்து ஏறக்கூடும். 1928ஆம் ஆண்டின் தேம்ஸ் பெருவெள்ளம் இத்தகைய கூட்டு வெள்ளத்திற்குத் தெளிவான சான்றாகும்.

இந்நிகழ்வை நினைவுகூரும் எழுத்துகள் பெரும்பாலும் இயற்கையின் தற்செயலான ஒருங்கிணைவையே முன்னிறுத்துகின்றன. பனி பெய்தது, உருகியது, மழை சேர்ந்தது, புயல் வந்தது, நகரம் மூழ்கியது என்னும் வரிசை படிப்பதற்கு நிறைவானது. எனினும் அவ்வரிசையின் கடைசி இரு கண்ணிகளுக்கிடையே மனிதர் செய்தவையும் செய்யத் தவறியவையும் மறைந்து நிற்கின்றன. அவற்றை வெளிக்கொணர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகழ்வின் போக்கு

தேம்ஸ் ஆறு இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் குன்றுப் பகுதியில் தோன்றிக் கிழக்கு நோக்கிப் பாய்ந்து வடகடலில் கலக்கிறது. 1927ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாள்களில் அக்குன்றுப் பகுதியில் கடும் பனி பொழிந்தது. ஆண்டின் இறுதி நாளில் வெப்பநிலை திடீரென உயரவே பனி உருகத் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து வழக்கத்தை மீறிய கனமழையும் பெய்தது. இவ்விரண்டும் சேர்ந்ததால் ஆற்றில் இறங்கிய நீரின் அளவு இரு மடங்கானது.

இதே வேளையில் வடகடலின் மீது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு ஒன்று நகர்ந்தது. வடமேற்குத் திசையிலிருந்து வீசிய கடுங்காற்று கடல்நீரைத் தெற்கு நோக்கித் தள்ளியது. வடகடல் தெற்கே செல்லச் செல்லக் குறுகியும் ஆழம் குறைந்தும் அமைந்துள்ளது. டோவர் நீரிணை வழியாக வெளியேறும் நீரோ குறைவு. புவிச்சுழற்சியின் விளைவாகத் தெற்கு நோக்கி நகரும் நீர் வலப்புறமாக, அதாவது இங்கிலாந்துக் கரையை நோக்கி ஒதுங்குகிறது. இவ்வாறு குவியும் நீரின் உயர்வே புயல் எழுச்சி எனப்படுகிறது. புனல் போன்று விரிந்த தேம்ஸ் கழிமுகம் அதனை உள்வாங்கி நகரை நோக்கிச் செலுத்தியது. கழிமுகத்தில் நீர்மட்டம் வழக்கமான அளவைக் காட்டிலும் சுமார் 1.5 மீட்டர் உயர்ந்தது.

முழுநிலவை ஒட்டிய நாளாதலின் ஓதமும் உயர்ந்தே இருந்தது. ஜனவரி 6 நள்ளிரவைக் கடந்து, 7ஆம் நாள் சனிக்கிழமை அதிகாலையில் நகரின் பல இடங்களில் நீர் கரைச்சுவர்களைத் தாண்டியது. நகர மையம், சதர்க், லாம்பெத், வெஸ்ட்மின்ஸ்டர், பட்னி, ஹேமர்ஸ்மித் ஆகிய பகுதிகள் பாதிக்கப்பட்டன. நாடாளுமன்றக் கட்டடத்தைச் சேர்ந்த வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்திற்குள்ளும் நீர் புகுந்தது. 1843ஆம் ஆண்டு முதல் வறண்டிருந்த இலண்டன் கோபுரக் கோட்டையின் அகழி மீண்டும் நிறைந்தது. பிளாக்வால், ராதர்ஹித் சுரங்கப் பாதைகளும் நீரால் நிரம்பின. லாம்பெத் பாலத்திற்கு அருகே மில்பாங்க் பகுதியில் கரைச்சுவரின் ஒரு பகுதி இடிந்து விழுந்ததே அவ்விரவின் பெருங்கேடாயிற்று. பின்புறத் தெருக்களின் நிலவறை வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த ஏழைக் குடும்பங்களை அந்நீர் சூழ்ந்தது. உயிரிழந்தோரில் பெரும்பாலோர் இப்பகுதியினர்.

பனியுருகலின் பங்கு: மூன்று வெள்ளங்களின் ஒப்பீடு

இவ்வெள்ளத்தில் பனிக்கும் புயலுக்கும் உரிய பங்கு எவ்வளவு என்னும் வினாவிற்கு அடுத்த கால்நூற்றாண்டில் நிகழ்ந்த இரு வெள்ளங்கள் விடை காண உதவுகின்றன.

முதலாவது, 1947 மார்ச் வெள்ளம். அவ்வாண்டின் நீண்ட கடுங்குளிர்காலத்தில் குவிந்த பனி, மார்ச்சு மாதத்தில் மழையோடு சேர்ந்து விரைவாக உருகியது. நிலம் உறைந்திருந்ததால் நீர் மண்ணுக்குள் இறங்கவில்லை. ஓத எல்லையாகிய டெடிங்டனில் இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரும் நீரோட்டம் அப்போதே பதிவாயிற்று. மெய்டன்ஹெட், விண்ட்சர் உள்ளிட்ட மேல்பகுதி ஊர்கள் மூழ்கின. ஆயினும் நடு இலண்டனில் 1928ஐ ஒத்த அழிவு நேரவில்லை. பனியுருகல் மட்டும் தனித்து வந்தால் தலைநகரின் மையம் மூழ்குவதில்லை என்பதை இது உணர்த்துகிறது.

இரண்டாவது, 1953 ஜனவரி 31 இரவில் தொடங்கிய வடகடல் வெள்ளம். இதில் புயல் எழுச்சியே முழுக் காரணம், பனியுருகலுக்குப் பங்கில்லை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேரும் நெதர்லாந்தில் 1,836 பேரும் உயிரிழந்தனர். இலண்டன் பாலத்தருகே நீர்மட்டம் 1928ஆம் ஆண்டின் அளவைத் தாண்டியது. எனினும் நடு இலண்டன் மயிரிழையில் தப்பியது. 1928க்குப் பின்னர் கரைச்சுவர்கள் உயர்த்தப்பட்டிருந்தமை இதற்கு முதன்மையான காரணம் எனலாம்.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்கினால் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, கழிமுகத்தை நெருங்க நெருங்க ஆற்றுநீரின் செல்வாக்கு குறைந்து கடலின் செல்வாக்கு ஓங்குகிறது. மேற்கே ஹேமர்ஸ்மித், டெடிங்டன் பக்கம் செல்லச் செல்ல ஆற்றுநீரின் பங்கு கூடுகிறது. எனவே 1928இல் நகர மையத்தை மூழ்கடித்த முதல்விசை புயல் எழுச்சியே. பனிநீர் அவ்வெழுச்சிக்கு இடமளிக்காதபடி ஆற்றை முன்னரே நிரப்பி வைத்தது. மற்றொன்று, 1928ஆம் ஆண்டு நூற்றாண்டின் மிகப்பெரும் பனியுருகலையும் காணவில்லை, மிகப்பெரும் கடல் எழுச்சியையும் காணவில்லை. ஆனால் நடு இலண்டனில் உயிர்ப்பலி கொண்ட வெள்ளம் அதுவே. இம்முரண்பாட்டிற்கான விடையை நீரளவில் மட்டும் தேடுவது போதாது.

மனிதர் மாற்றிய ஆறு

1928இல் ஓதம் ஏறிவந்த தேம்ஸ், ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய தேம்ஸ் அன்று. இடைக்காலத்தில் கட்டப்பட்ட பழைய இலண்டன் பாலம், நெருக்கமான பல தூண்களைக் கொண்டிருந்தமையால் ஓதத்தின் வேகத்தை ஓரளவு தடுத்து நிறுத்தியது. 1831இல் புதிய பாலம் திறக்கப்பட்டபின் பழைய பாலம் அகற்றப்பட்டது. ஓதம் தடையின்றி மேலேறலாயிற்று. பின்னர் ஜோசப் பசல்ஜெட் என்னும் பொறியாளரின் தலைமையில் விக்டோரியா, ஆல்பர்ட், செல்சி அணைகரைகள் 1860களிலும் 1870களிலும் எழுந்தன. கழிவுநீர்க் குழாய்களுக்கும் சாலைகளுக்கும் இடமளித்த இவை ஆற்றின் அகலத்தைக் குறைத்தன. முன்னர் சேற்றுக்கரைகளில் பரவிய நீர் இப்போது சுவர்களுக்கிடையே உயர்ந்தது.

மூன்றாவது மாற்றம் துறைமுகம் சார்ந்தது. 1909இல் செயற்படத் தொடங்கிய இலண்டன் துறைமுக ஆணையம், பெரிய கப்பல்கள் நகருக்குள் வருவதற்காக ஆற்றுப்படுகையைத் தொடர்ந்து ஆழப்படுத்தியது. 1921இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கப்பல்துறை திறக்கப்பட்டது இவ்விரிவாக்கத்தின் ஒரு கட்டம். படுகை ஆழமாகும்போது உராய்வு குறைகிறது. கப்பலுக்கு எளிதாகும் வழி கடலுக்கும் எளிதாகிறது. ஆழப்படுத்தலால் ஓத வீச்சு எவ்வளவு கூடியது என்பது அக்காலத்திலேயே விவாதத்திற்குள்ளானது. அளவைக் குறித்துக் கருத்து வேறுபாடு இருப்பினும், 1928இன் நீர் மனிதர் மாற்றியமைத்த வாய்க்காலின் வழியே வந்தது என்பதில் ஐயமில்லை.

பங்கிடப்பட்ட ஆறு, பங்கிடப்பட்ட பொறுப்பு

ஆறு ஒன்றாக இருந்தபோதும் அதன் நிர்வாகம் பலவாக இருந்தது. 1909 முதல் டெடிங்டனுக்கு மேற்பட்ட ஆறு தேம்ஸ் காப்புக் குழுமத்தின் பொறுப்பிலும், அதற்குக் கீழ்ப்பட்ட ஓத ஆறு துறைமுக ஆணையத்தின் பொறுப்பிலும் இருந்தன. 1928இன் பனிநீர் ஓர் அமைப்பின் எல்லையிலிருந்து வந்தது. கடல்நீர் வேறோர் அமைப்பின் எல்லையில் ஏறியது. இரண்டும் கலந்த இடத்தில் எந்த ஓர் அமைப்புக்கும் முழுப் பொறுப்பு இல்லை.

கரைச்சுவர்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. 1879ஆம் ஆண்டின் தேம்ஸ் வெள்ளத் தடுப்புச் சட்டம் ஆற்றங்கரை நில உரிமையாளர்களே தத்தம் பகுதிச் சுவரை உயர்த்திப் பராமரிக்க வேண்டும் என விதித்தது. அதனை மேற்பார்வையிடும் கடமை அப்போதைய பெருநகரப் பணிகள் வாரியத்திற்கு அளிக்கப்பட்டது. 1889இல் அவ்வாரியத்தின் இடத்தில் இலண்டன் கவுன்டி மன்றம் வந்தபோது அக்கடமையும் அதனுடையதாயிற்று. வீட்டுவசதியும் பொதுச் சுகாதாரமும் பெருநகரப் பேரூராட்சிகளைச் சார்ந்திருந்தன. சுவர் ஓரிடத்தில் வலுவாகவும் மற்றோரிடத்தில் பழையதாகவும் இருப்பதற்கு இவ்வமைப்பே இடம் கொடுத்தது. கரைச்சுவரின் காவல் அதன் மிக நலிந்த பகுதியின் காவலே என்பதை மில்பாங்க் உடைப்பு காட்டியது.

எச்சரிக்கையிலும் இதே குறை இருந்தது. கழிமுகத்திலுள்ள சவுத்எண்டில் உயர் ஓதம் ஏற்பட்டபின் அது இலண்டன் பாலத்தை அடைய ஒரு மணி நேரத்திற்கும் மேலாகும். மில்பாங்க் நிலவறைகளில் உறங்கியோரை மேல்தளத்திற்கு அழைத்துவர அந்நேரம் போதுமானது. ஆனால் கழிமுகத்தில் காணப்பட்ட உயர்வைத் தெருவிலுள்ள கதவு வரை கொண்டுசேர்க்கும் ஒழுங்கமைந்த முறை அன்று இல்லை. கடலின் வேகத்தைக் காட்டிலும் அலுவலகங்களுக்கிடையே செய்தி செல்லும் வேகம் குறைவாக இருந்தது என்பதே இவ்வெள்ளத்தின் கசப்பான உண்மை.

நிலவறைகளும் கலைக்கூடமும்

முதல் உலகப் போருக்குப் பின் இலண்டனில் வீட்டுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வேலையிடத்திற்கு அருகே குறைந்த வாடகையில் கிடைத்த நிலவறைகளே ஏழைத் தொழிலாளர் பலருக்கு வீடாயின. அவை குடியிருக்கத் தகாதவை என்பதைச் சுகாதார அலுவலர்கள் அறிந்திருந்தனர். ஆனால் அவற்றை மூடினால் அங்கிருப்போர் செல்ல வேறிடம் இல்லை. நாடாளுமன்றத்திற்கு நடந்து செல்லும் தொலைவிலேயே இத்தகைய தெருக்கள் இருந்தன. அதே தெருவில் மேல்தளத்தில் குடியிருந்தோருக்கு அவ்விரவு பொருளிழப்பாக முடிந்தது. நிலவறையில் குடியிருந்தோருக்கு உயிரிழப்பாக முடிந்தது. ஒரு மாடிப்படியின் உயரமே வாழ்வையும் சாவையும் பிரித்தது.

அதே மில்பாங்கில், மூடப்பட்ட சிறைச்சாலையின் நிலத்தில் 1897இல் திறக்கப்பட்ட டேட் கலைக்கூடமும் வெள்ளத்தில் சிக்கியது. அதன் கீழ்த்தளக் கூடங்கள் மூழ்கின. சீர்செய்ய இயலாதபடி 18 படைப்புகள் அழிந்தன. 226 எண்ணெய் ஓவியங்கள் கடுமையாகவும் 67 ஓவியங்கள் சிறிதளவும் சேதமுற்றன. ஓவியர் டர்னரின் தாள் ஓவியங்கள் பல நனைந்தும் மீட்கப்பட்டன. பால் தெலரோஷ் வரைந்த லேடி ஜேன் கிரேயின் மரண தண்டனை ஓவியம் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1973இல் அது சுருட்டப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டுப் பின்னர் தேசியக் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டது. ஜான் மார்ட்டின் வரைந்த பொம்பெயி அழிவு ஓவியமும் இவ்வாறே நெடுங்காலம் இழந்ததாக எண்ணப்பட்டு அண்மைக் காலத்தில் சீரமைக்கப்பட்டது.

இவ்விரு இழப்புகளும் பதிவான முறை வரலாற்றாய்வாளர் கவனிக்கத்தக்கது. கலைக்கூடத்தின் இழப்பு ஒன்று ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. ஒவ்வொரு படைப்புக்கும் பெயரும் நிலையும் பட்டியலில் உள்ளன. வீடிழந்தோரின் இழப்போ ஏறத்தாழ 4,000 என்னும் முழு எண்ணில் அடங்கிவிடுகிறது. கட்டில், துணி, தொழிற்கருவி, சேமிப்பு ஆகியவற்றுக்கு அத்தகைய பட்டியல் இல்லை. காப்பாளர் உள்ள பொருளுக்குச் சான்று மிகுதி. காப்பாளர் இல்லாத வாழ்வுக்குச் சான்று குறைவு. இவ்வேறுபாட்டை உணராமல் பதிவுகளை மட்டும் பின்பற்றினால், வெள்ளத்தின் வரலாறு கட்டடங்களின் வரலாறாகச் சுருங்கிவிடும்.

வெள்ளத்திற்குப் பின்

பிரதமர் ஸ்டான்லி பால்டுவினின் அரசு ஆட்சியிலிருந்த காலம் அது. வெள்ளத்தைத் தொடர்ந்து பொது அமைப்புகளின் மாநாடு கூடி, தடுப்பு முறைகளையும் பொறுப்புகளையும் ஆராய்ந்தது. கரைச்சுவர்களின் உயரம் கூட்டப்பட்டது. லிவர்பூல் ஓத ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. டி. டூட்சன் தேம்ஸ் வெள்ளங்கள் பற்றியும், ஜே. எஸ். டைன்ஸ் அவற்றோடு தொடர்புடைய வானிலை பற்றியும் எழுதிய ஆய்வறிக்கைகள் 1929இல் வெளியாயின. வடகடலின் காற்றுக்கும் தேம்ஸ் ஆற்றின் நீர்மட்டத்திற்கும் உள்ள தொடர்பை முறையாக ஆராய்ந்த தொடக்க முயற்சிகளுள் இவை குறிப்பிடத்தக்கன. புயல் எழுச்சி முன்கணிக்கத்தக்க ஒன்று என்னும் எண்ணம் இவற்றால் வலுப்பெற்றது.

வெஸ்ட்மின்ஸ்டரின் ஏழைத் தெருக்களிலும் மாற்றம் வந்தது. மில்பாங்க் பகுதியின் பெரும்பகுதி மறுசீரமைக்கப்பட்டது. புதுதில்லியை வடிவமைத்த எட்வின் லுட்யன்ஸ் பேஜ் தெருவிலும் வின்சென்ட் தெருவிலும் சதுரங்கப் பலகை போன்ற முகப்புடைய அடுக்குக் குடியிருப்புகளை அமைத்தார். நிலவறை வாழ்வின் இடத்தில் அடுக்குமாடி வாழ்வு வந்தது.

எனினும் நாடு தழுவிய எச்சரிக்கைச் சேவை 1953இன் பேரழிவுக்குப் பிறகே அமைந்தது. வேவர்லி குழு 1954இல் அளித்த அறிக்கை தேம்ஸ் ஆற்றின் குறுக்கே தடுப்பணை ஒன்றைப் பரிந்துரைத்தது. அதற்கான சட்டம் 1972இல் நிறைவேறியது. தேம்ஸ் தடுப்பணை 1982இல் இயங்கத் தொடங்கி 1984இல் முறைப்படி திறக்கப்பட்டது. இத்தடுப்பணையின் பயன்பாட்டில் 1928இன் பாடம் தெளிவாகத் தெரிகிறது. புயல் எழுச்சியைத் தடுப்பதற்காக மட்டும் அது மூடப்படுவதில்லை. ஆற்றில் வெள்ளம் மிகும்போது, தாழ் ஓத வேளையில் மூடிக் கடல்நீரை வெளியே நிறுத்தி, இறங்கிவரும் ஆற்றுநீருக்கு இடம் ஒதுக்கவும் பயன்படுகிறது. 2013-14 குளிர்காலத்தில் அது 50 முறை மூடப்பட்டது. அவற்றுள் 41 மூடல்கள் ஆற்று வெள்ளத்தைத் தணிப்பதற்காக நிகழ்ந்தவை. பனிநீரும் ஓதமும் ஒரே இடத்திற்குப் போட்டியிடும் நிலையை 1928இல் எவரும் கையாளவில்லை. இன்று ஒரே அமைப்பு அதனைக் கையாளுகிறது.

முடிவுரை

1928 தேம்ஸ் பெருவெள்ளத்தில் நீர் உயர்ந்ததற்குப் பனியும் மழையும் புயலும் ஓதமும் காரணம். 1947ஆம் ஆண்டின் பெரும் பனியுருகலும் 1953ஆம் ஆண்டின் பெரும் கடல் எழுச்சியும் நடு இலண்டனைக் கொள்ளாதபோது, இவ்விரண்டிலும் குறைந்த அளவுடைய 1928 கொண்டது. ஒருங்கிணைவின் வலிமை ஒரு பகுதி விளக்கம்; சுவரின் நலிவும், எச்சரிக்கையின்மையும், நிலவறை வாழ்வும் எஞ்சிய பகுதி. அந்த எஞ்சிய பகுதியே 14 உயிர்களின் இழப்பை விளக்குகிறது.

பேரிடர் வரலாற்றை எழுதுவோர் இயற்கைக் காரணங்களின் வரிசையோடு நின்றுவிட்டால், தவிர்த்திருக்கக்கூடிய சாவுகளும் தவிர்க்கவியலாதவை போலத் தோன்றும். நீர் ஏன் வந்தது என்னும் வினாவோடு, அது வந்த வேளையில் யார் எங்கே உறங்கினர், அவர்களை எழுப்பும் கடமை யாருக்கு இருந்தது என்னும் வினாக்களையும் சேர்த்தே எழுப்புதல் வேண்டும். இலண்டனில் இரண்டாவது வினாவிற்கு அன்று எளிய விடை இருந்தது. மூன்றாவது வினாவிற்கு விடை இல்லை.